ஒத்திகைத் தவணை

வீட்டுக் கடன் கேட்டுப் போனவளிடம் வங்கி கேட்ட முதல் கேள்வி இது:

"உங்களுக்குக் கடன் எதுக்கு?"

"வீடு வாங்கத்தான் சார்."

"சொந்த வீடு இல்லையா?"

"இல்ல சார்."

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். வீடு இல்லாதவர்களெல்லாம் வீட்டுக் கடன் கேட்டு வந்துவிடுகிறார்கள் என்ற சலிப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

கேட்டவள் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். டாக்டர்கள் தொடங்கி வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் 'எக்ஸ்ரே அக்கா'. நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். "மூச்ச இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... இப்ப விடலாம்" என்று பொழுதுக்கும் அடுத்தவர்களுக்குச் சொல்லிப் பழகியவள். அன்றைக்குத் தன் மூச்சைத் தானே பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். 'விடலாம்' என்று சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை.

பக்கத்தில் அவள் கணவர். ஸ்கூல் வேன் ஓட்டுபவர். பிள்ளைகளுக்கு லீவு விட்டால் அவருக்குச் சம்பளமும் லீவில் போய்விடும்.

விஷயம் இதுதான். இவர்கள் குடியிருப்பது ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே, தரைத்தளத்தில், இரண்டு அறை கொண்ட வீடு. அதை ஓனர் விற்கப் போகிறார். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, இந்த ஊரை விட்டு மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்றார். "ஒழுங்கா இருந்த குடும்பம், முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன். இந்தப் பள்ளிக்கூட வருஷம் முடியறதுக்குள்ள லோன் போட்டுட்டு வாங்க. இல்லன்னா வெளியாளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னத் திட்டக் கூடாது."

இதற்கு முன்பு இருந்தது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அக்காவின் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தகராறு. அங்கே இருந்த வரைக்கும் அந்த அம்மாள் தெருவில் கால் வைத்ததே இல்லை. ஜன்னல் வழியாகவே ஊர்வம்பு கேட்டு, மேலிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தரைத்தளத்துக்கு வந்த பிறகுதான் மனுஷியானார். இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்தில் வேறு தரைத்தளம் கிடையாது. இந்த வீடு போனால், மாமியார் மறுபடியும் மேலே. கீழே வருவதற்கு நாலு பேர் தூக்க வேண்டும்.

ஆகவே அக்கா வங்கிக்கு வந்திருந்தாள்.

எதிரே இருந்தவரின் மேஜைப் பலகையில் 'நிலைத்தன்மை அதிகாரி' என்று எழுதியிருந்தது. கடன் கேட்பவர் எவ்வளவு உறுதியாக நிற்கிறார் என்று ஆட்டிப் பார்ப்பது அவர் வேலை. அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய விளம்பரப் படம். அப்பா, அம்மா, குழந்தை மூன்று பேரும் ஆளுயரச் சாவி ஒன்றைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். அந்த அப்பா ஒரு விளம்பர நடிகர். படம் எடுத்த கையோடு இதே கிளையில் வீட்டுக் கடன் கேட்டு விண்ணப்பித்தார் என்றும், நடிப்பு நிரந்தர வருமானம் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்வி. சிரிப்பு மட்டும் வங்கிக்குச் சொந்தமாகிவிட்டது.

"உத்தியோகம் நிரந்தரமா?"

"கான்ட்ராக்ட் சார். பதினோரு மாசத்துக்கு ஒரு தடவ புதுப்பிப்பாங்க. ஒன்பது வருஷத்துக்கு மேல அங்கதான் இருக்கேன்."

அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார். தட்டி முடித்து, அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப இதுவரைக்கும் உங்களுக்குப் பத்து தடவ வேலை போயிருக்கு."

"போகல சார். ஒவ்வொரு தடவையும் மறுநாளே சேத்துக்கிட்டாங்க."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். போனாத்தானே சேத்துக்க முடியும்? சேத்துக்கிட்டது உங்க நிர்வாகத்தோட இரக்கம். இரக்கத்த நாங்க அடமானமா எடுத்துக்கறதில்ல."

கணவருக்குப் பொறுக்கவில்லை. "சார், ஜனங்க கீழ விழறதும் எலும்பு ஒடையறதும் நின்னுடவா போகுது? எக்ஸ்ரே எடுக்க ஆள் வேணுமில்ல?"

"எலும்பு நிரந்தரம். உங்க சம்சாரம் நிரந்தரம் இல்லையே."

அதை அவர் நிதானமாக எழுதியும் கொண்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க வருஷத்துல ரெண்டு மாசம் வேலையில்லாதவர். ஆனா வீடு வருஷம் பூரா வீடு. லீவுல அது வீடா இல்லாம இருக்குமா? இருக்காது. அப்ப தவணை மட்டும் எப்படி லீவு எடுக்கும்?"

அக்கா தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். குடிவந்த நாளிலிருந்து கொடுத்த வாடகைக்கு ஓனர் எழுதிக் கொடுத்த ரசீது அத்தனையும் அதில் இருந்தன. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வீட்டில் கல்யாணப் புடவைக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தப்பட்ட பொருள் அதுதான்.

"சார், நீங்க சொல்ற தவணை, நாங்க இப்பக் கட்டற வாடகையில முக்கால்வாசிதான் வருது. வாடகையையே கட்டறவங்க தவணையக் கட்ட மாட்டோமா?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கென்று வங்கி ஒரு சொற்பொழிவைத் தயாராக வைத்திருந்தது.

"எல்லாரும் இங்கதாம்மா தப்புப் பண்றாங்க. வாடகை கட்டறது பழக்கம். தவணை கட்டறது தகுதி. பழக்கம் யாருக்கு வேணா வரும். தினம் பஸ்ல போறவங்க எல்லாரும் பஸ் ஓட்டிட முடியுமா?"

"நான் ஓட்டுவேன் சார்," என்றார் கணவர். "ஹெவி லைசென்ஸ் இருக்கு."

அதிகாரி, 'கணவர் எதிர்த்துப் பேசும் சுபாவம் உள்ளவர்' என்று எழுதினார். இவர்கள் எழுந்தபோது ரசீது உறையை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது இங்கயே இருக்கட்டும். உபயோகப்படும்."

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. இவர்கள் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் அதே அதிகாரி வீட்டுக்கு வந்தார். வாழ்க்கைமுறை ஆய்வாம். வந்தவர் நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, அதன் வெளிச்சத்தில் முகம் ஒளிர நின்றார்.

"ரெண்டு வகை பிஸ்கட் இருக்கு."

"ஒண்ணு இனிப்பு, ஒண்ணு உப்பு சார். அத்தைக்கு இனிப்பு ஆகாது."

"தேவைக்கு ஒண்ணு போதும். ரெண்டாவது ஆடம்பரம்." எழுதிக்கொண்டார். குளியலறையில் ஷாம்பு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி மட்டம் பார்த்தார். கணவரின் செருப்பைப் புரட்டித் தேய்மானம் பார்த்தார். சுவரில் ஓர் ஆணி சும்மா இருந்தது. அதில் என்ன மாட்டியிருந்தீர்கள், அதை ஏன் விற்றீர்கள் என்று விசாரித்தார். அது காலண்டர் மாட்டின ஆணி, காலண்டர் போன வருஷத்தோடு முடிந்துவிட்டது என்று விளக்க வேண்டியிருந்தது.

கடைசியில், கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமியாரிடம் வந்தார்.

"இவங்க?"

"என் மாமியார் சார்."

"அதாவது சார்ந்திருப்பவர்." பேனாவை எடுத்தார். "அம்மா, உங்களுக்கு வயசு என்ன?"

மாமியார் சொன்னார்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"முழங்கால்தான். மத்தபடி தேவலாம்."

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கு ஒரு கணக்கு வேணும். உத்தேசமா இன்னும் எத்தன வருஷம் இருப்பீங்க?"

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கணவர் முஷ்டியை மடக்கினார். மாமியார் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, உங்க கடன் எத்தன வருஷம்?"

"இருபது வருஷம்மா."

"அதோட ஒரு வருஷம் சேத்துப் போட்டுக்கோ. கடன் அடைஞ்சுதான்னு பாத்துட்டுத்தான் கெளம்புவேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. இருபத்தொன்று என்று எழுதினார். பிறகு ஓசை வராமல் உதட்டை அசைத்து எதையோ பெருக்கிப் பார்த்தார். பெருக்கலின் விடை அவருக்குப் பிடிக்கவில்லை.

இப்படியெல்லாம் சலித்து எடுத்த பிறகு, வங்கி அவர்களை மறுபடியும் கூப்பிட்டது. அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"வாழ்த்துகள். நீங்க ஒத்திகைக்குத் தேர்வாகியிருக்கீங்க."

"ஒத்திகையா?"

"ஒத்திகைத் தவணைத் திட்டம். இந்த வங்கியோட சொந்தக் கண்டுபிடிப்பு. நிரந்தரம் இல்லாதவங்களுக்காகவே கொண்டு வந்தது. நீங்க ஆறு மாசம் தவணை கட்டிக் காட்டணும். கட்டிட்டா, உங்களால தவணை கட்ட முடியும்னு நிரூபணம் ஆயிடும்."

"கடன் எப்ப சார் குடுப்பீங்க?"

"முதல்ல கட்டுங்க."

"வாங்காத கடனையா?"

அதிகாரியின் முகத்தில் ஒரு பரவசம் படர்ந்தது. "அங்கதாம்மா விஷயமே இருக்கு. வாங்கின கடனக் கட்டறதுல என்ன பெருமை? பயத்துல யாரும் கட்டிடுவாங்க. வாங்காத கடனக் கட்டறாங்க பாருங்க, அவங்கதான் யோக்கியங்க. அந்த மாதிரி ஆளுங்களத்தான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்."

"வாடகை?"

"அது உங்க பாடு. வீடு உங்களுது ஆகற வரைக்கும் குடியிருக்கறதுக்கு ஒரு வீடு வேணுமில்ல?"

அக்கா கணவரைப் பார்த்தாள். கணவர் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பத்தைப் பார்த்தார். அவர்கள் உதவி செய்வதாக இல்லை. படிவத்தின் அடியில் இன்னும் சில நிபந்தனைகள் இருந்தன. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும் அளவுக்குப் பொடி எழுத்து. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஆறு மாதமும் அந்த வீட்டில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு கணவர் பார்சல் வண்டி ஓட்டினார். அக்கா அடுத்தவர்களின் ஷிஃப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாள் முழுக்க நெஞ்சுக்கூடும் இடுப்பெலும்பும் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தால் சதையோடு இருக்கும் மனிதர்களைப் பார்க்கவே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. காசு கொடுத்துச் செய்துவந்த மாமியாரின் முழங்கால் பயிற்சி நின்றது. டிவி சந்தா நின்றது.

"அந்த சீரியல்ல எவ எவளுக்கு விஷம் வச்சான்னு தெரியாமலே நான் போய்ச் சேரணும்போல," என்றார் மாமியார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் அத்தை. வீடு நம்மளுது ஆயிட்டா மொத சந்தா உங்களுக்குத்தான்."

"அதுவரைக்கும் விஷம் குடிச்சவ தாங்குவாளா?"

போதாததற்கு, வீட்டு முன்பணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததிலும் கை வைத்தார்கள். ஒவ்வொரு மாதமும் தவணை கட்டியதும் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும்: 'இல்லாத கடனைத் தவறாமல் செலுத்தியதற்கு நன்றி. உங்கள் கடன் நிலுவை: பூஜ்யம். தவறினால் அபராதம் விதிக்கப்படும்.' ஒரு மாதம் வங்கியின் இயந்திரமே படுத்துவிட்டதால் பணம் மறுநாள்தான் ஏறியது. அதற்கு ஒத்திகை அபராதம் போட்டார்கள். அபராதத்தை மட்டும் ஒத்திகையாக அல்லாமல் நிஜமாகவே வாங்கிக்கொண்டார்கள்.

கடைசித் தவணையும் கட்டியாயிற்று. கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் வங்கிக்குப் போனார்கள்.

நிலைத்தன்மை அதிகாரியின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். இளவயது. கழுத்தில் டை, அதில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

"முன்ன இருந்த சார் எங்க?"

"அவர் ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு. எங்க பிரிவு முழுக்க கான்ட்ராக்ட்தான்."

"நீங்க?"

"மூணு மாசம்." சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே சமாளித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அடேங்கப்பா! வாடகையும் கட்டியிருக்கீங்க, தவணையும் கட்டியிருக்கீங்க. இந்தச் சம்பளத்துல இது நடக்கவே நடக்காதே!"

"நடத்திட்டோம் சார்," என்றாள் அக்கா. அவளுக்குக் கண் கலங்கியது.

"அதான் சந்தேகமா இருக்கு. ஒண்ணு, உங்களுக்கு வெளிய சொல்லாத வருமானம் இருக்கணும். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் சாப்பிடாம இருந்திருக்கணும். ரெண்டுமே ஆபத்தான பழக்கம். அது போகட்டும், முன்பணம் எங்க? வீட்டு விலையில அஞ்சுல ஒரு பங்கு நீங்க கையில வச்சிருக்கணுமே?"

"சரியா இருந்துச்சு சார். உங்க ஒத்திகையிலதான் கொறஞ்சு போச்சு."

"அப்ப இப்ப முழுசா இல்ல."

"அந்த ஆறு தவணைப் பணம் உங்ககிட்டதானே இருக்கு? அதக் குடுத்துடுங்க, முன்பணம் முழுசாயிடும்."

டைக்காரர் அவசரமாக எழுந்தார். "அதெல்லாம் மேனேஜர் ஐயாதான் பேசணும்."

மேனேஜர் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தார். மேஜை மேல் தொட்டியில் ஒரு குட்டி மரம். வளர விடாமல் வளர்க்கும் ஜாதி. அவர் அதற்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபடி பேசினார். குரலில் அப்படி ஒரு கனிவு.

"உக்காருங்கம்மா. உங்க ஃபைலப் படிச்சேன். நேத்து எனக்குத் தூக்கமே வரல. இவ்வளவு நாணயமான குடும்பத்த என் சர்வீஸ்ல பாத்ததில்ல. வீடுங்கறது என்ன? வெறும் செங்கல்லா? இல்ல. அது ஒரு மனுஷனோட மானம். அந்த மானத்துக்குக் கடன் குடுக்கத்தான் இந்த வங்கியே இருக்கு."

"ரொம்ப நன்றி சார்," என்றார் கணவர்.

"ஆனா யாருக்குக் குடுக்கணும்னு ஒரு தர்மம் இருக்கில்ல? பணம் தேவைப்படறவங்களுக்குப் பணம் குடுக்கறது ரொம்ப அபாயம். ஏன்னா அவங்ககிட்ட பணம் இருக்காது. தேவையே இல்லாதவங்க வந்து கேக்கும்போது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? உங்களுக்கு நல்லது நினைச்சுத்தான் சொல்றேன். கடன்ங்கறது ஒரு சுமை. அத உங்க தலையில ஏத்த எனக்கு மனசு வரல."

"நாங்க கட்டின பணம் சார்?"

"கடன் அனுமதியாகியிருந்தா அதுல கழிச்சிருப்போம். ஆகாததால ஆய்வுச் செலவுக்குச் சரியாப் போச்சு. நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

எழுந்து, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார். ஒத்திகையைச் சிறப்பாக நிறைவு செய்தமைக்காக. டைக்காரர் கை தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அவர்கள் முகத்தைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, அட்டைப் பெட்டி காலியாக இருந்தால் எடுத்து வை என்று மட்டும் சொன்னார்.

"எந்த மாடியாயிருந்தா என்னடா? மேல காத்து நல்லாத்தான் வரும்," என்றார் மகனிடம். அவர் குரலில் முதல்முறையாகக் கிண்டல் இல்லை. அதைக் கேட்க முடியாமல் மகன் வண்டி துடைக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. அக்கா திறந்தாள். ஓனர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வாட்டசாட்டமாக ஓர் ஆள். அவருக்குப் பின்னால் டைக்காரர். எல்லோருக்கும் பின்னால், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி சாட்சாத் மேனேஜர்.

வங்கியே வீடு தேடி வந்திருந்தது.

"தப்பா நினைக்காதம்மா," என்றார் ஓனர். "வீட்ட இவருக்குக் குடுக்கறதா பேசியாச்சு. நீங்க காலி பண்ண வேணாம், வாடகைக்கே இருக்கலாம்னு சொல்றார். அதான் கூட்டிட்டு வந்தேன்."

வாட்டசாட்டமானவருக்கு ஏற்கனவே ஆறு வீடு இருந்தது. அதனால் ஊரில் அவர் பெயரே ஆறு வீடு. ஏழாவதுக்கு அவர் கண்ணால் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க, உக்காருங்க," என்று இவர்கள் வீட்டில் இவர்களையே உட்காரச் சொன்னார் மேனேஜர். "இவருக்கு நாங்கதான் கடன் குடுக்கறோம். அனுமதியும் ஆயிடுச்சு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"எங்க கையெழுத்து எதுக்கு சார்?"

டைக்காரர் ஒரு தாளை நீட்டினார். "குடியிருப்போர் உறுதிமொழி. இருபது வருஷம் இங்கயே வாடகைக்கு இருப்போம்னு எழுதிக் குடுக்கணும். சாருக்கு வர்ற வாடகையப் பாத்துத்தானே நாங்க கடன் குடுக்கறோம்? உங்க ரசீதுங்கள மேலிடத்துல பாத்து அசந்துட்டாங்க. ஒரு மாசம் தப்பலையே! இந்த மாதிரி ஆள் குடியிருந்தா கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

அந்த உறையை அக்காவேதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"சாருக்கு உத்தியோகம்?" என்று கேட்டார் கணவர்.

"எதுவும் இல்ல," என்றார் ஆறு வீடு பெருமையாக.

"அதுதான் நிலைத்தன்மை," என்று மேனேஜர் விளக்கினார். "இல்லாத வேலை போகாது பாருங்க."

தாளில் வாடகை என்று எழுதியிருந்த எண்ணை அக்கா இரண்டு முறை படித்தாள். "இவ்வளவா? இது இப்பக் குடுக்கறத விட ரெண்டு மடங்குக்குக் கிட்ட வருதே சார்! எங்களால எப்படிக் கட்ட முடியும்?"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "ஆறு மாசம் கட்டிக் காட்டினீங்களேம்மா! வாடகையும் ஒத்திகைத் தவணையும் சேத்து எவ்வளவு வருதுன்னு பாருங்க, அதேதான். ஒரு பைசா கூடப் போடல. உங்க சக்தி உங்களுக்கே தெரியாது. கண்டுபிடிச்சது நாங்க."

மாமியார் கட்டிலிலிருந்து இரண்டு காலையும் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்து அட்டைப் பெட்டியில் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டும் விழும் சத்தத்துக்கும் ஆறு வீடு ஒரு தரம் அதிர்ந்தார்.

"நாங்க காலி பண்றோம்," என்றாள் அக்கா. தாளைத் திருப்பி நீட்டினாள்.

"ஐயோ, அவசரப்படாதீங்க!" டைக்காரர் பாய்ந்தார். "உங்க பேர்லதான் சாருக்கு அனுமதியே வந்திருக்கு!"

"வாடகைக்கு முடியலன்னா வாடகைக் கடன் தர்றோம்மா," என்றார் மேனேஜர். "இப்பவே. நிரந்தர வேலை வேணும்னு அவசியம் இல்ல. விசாரணையே கிடையாது."

"வேற ஆளப் பிடிங்க சார்," என்று ஆறு வீடு முணுமுணுத்தார்.

"இந்த மாதிரி ஆள் வேற கிடைக்காது. தேடிப் பாத்துட்டோம்," என்றார் மேனேஜர்.

இதுவரை வாசல் ஓரமாக நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஓனர் மெதுவாக உள்ளே வந்தார். "இருங்க. எனக்கு ஒண்ணு புரியல. இவ கையெழுத்துப் போடலன்னா எனக்குப் பணம் வராதா?"

"வராது," என்றார் மேனேஜர். "ஆனா வந்துடும், கவலைப்படாதீங்க. வந்ததும் அத எங்க டெபாசிட்லயே போட்டுடலாம். மாசாமாசம் வட்டி உங்க கைக்கு வரும். நீங்க மகள் வீட்டுல ராஜா மாதிரி இருக்கலாம்." ஒரு துண்டுத் தாளில் வட்டியை எழுதிக் காட்டினார்.

ஓனர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இது இவங்க இப்பக் குடுக்கற வாடகைய விடக் கம்மியா இருக்கே?"

"பாதுகாப்பு இருக்கில்ல."

"இவங்க வாடகைய யாருக்குத் தருவாங்க?"

"இவருக்கு."

"இவரு?"

"எங்களுக்குத் தவணை கட்டுவார்."

"நீங்க?"

"உங்களுக்கு வட்டி தருவோம்."

"அப்ப எனக்கு வரப்போறது இவங்க காசுதானா?"

"சுருக்கமாச் சொன்னா, ஆமா."

"சுருக்காம சொன்னா?"

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சுருக்காம சொன்னா, நடுவுல நாங்க இருக்கோம்."

ஓனர் தாளை மடித்தார். சட்டைப் பையில் வைக்கப் போனவர் மனசு மாறி மேனேஜர் கையிலேயே திணித்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, இப்பக் கட்டறதையே மாசாமாசம் எனக்குக் கட்டிட்டு வர்றியா? வாடகைன்னு வேணாம், வீட்டுக் கணக்குலயே வச்சுக்கலாம். வக்கீல வச்சு எழுதிப்போம். கட்டி முடிச்சதும் உன் பேருக்கு மாத்திக் குடுத்துடறேன். எனக்கு மொத்தமா வந்து என்ன ஆகப் போகுது? மாசம் ஒரு தொகை வந்தாப் போதும்."

அக்காவுக்கு மறைக்கத் தெரியவில்லை. "என் வேலை நிரந்தரம் இல்ல ஐயா. நடுவுல போயிட்டா?"

"போனா என்ன? வீடு என் பேர்லதானே நிக்கும்? அது கால் மொளச்சு ஓடியா போயிடும்? கொஞ்ச நாள் பொறுத்துக்கறேன். நீ வேற வேலை பாத்துட்டுக் கட்டு."

"இது ரொம்ப ஆபத்து!" மேனேஜர் கத்தியேவிட்டார்.

"யாருக்கு?" என்று கேட்டார் ஓனர்.

மேனேஜர் யோசித்தார். அத்தனை ஆண்டு உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு நேரான பதில் சொன்னார்.

"எங்களுக்கு."

ஆறு வீடு ஏற்கனவே வாசலைத் தாண்டிவிட்டார். டைக்காரர் யார் பின்னால் போவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். மேனேஜர் மட்டும் அசையவில்லை. பையிலிருந்து புதிதாக ஒரு படிவத்தை உருவினார். கனிவு திரும்பியிருந்தது.

"சரி, நீங்களே பேசி முடிங்க, சந்தோஷம். ஆனா இந்த மாதிரி கொடுக்கல் வாங்கலுக்கு நடுவுல ஒரு மூணாவது ஆள் இருக்கறது நல்லது. அதுக்கும் எங்ககிட்ட ஒரு திட்டம் இருக்கு. ரொம்பச் சின்னக் கட்டணம்தான். ரெண்டு பேரும் இங்க ஒரு கையெழுத்து..."

அக்கா கதவருகே போனாள். அந்த வீட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"சார், நீங்க கெளம்புங்க. நாங்க எங்க வீட்டு விஷயம் பேசணும்."

மாமியார் பெட்டியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.